கஞ்சித்தொட்டியில் இருந்தவர்களுக்குப் பெயர் இருந்ததா?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்தான் இந்த எபிசோடுக்குக் காரணம். ரொம்பச் சின்னக் கேள்வி. "எங்க பாட்டியோட பாட்டி கஞ்சித்தொட்டியில வளர்ந்தவங்கன்னு வீட்ல சொல்வாங்க. அப்பா அம்மா யாருன்னு யாருக்கும் தெரியாது. லண்டன்ல இருக்கிற என் ஃப்ரெண்டு, பழைய சென்சஸ்ல தேடி அவன் தாத்தாவோட தாத்தா ஒர்க்ஹவுஸ்ல இருந்தாருன்னு கண்டுபிடிச்சுட்டான். நம்ம ஊர்லயும் சென்சஸ் எடுத்தாங்கல்ல, எங்க எள்ளுப்பாட்டிய அதுல தேட முடியுமா?"

முடியுமா முடியாதா என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் முடியாது என்று பார்க்கப் போனால் கதை வடசென்னையில் தொடங்கி ஹாக்னி, டர்பன் எல்லாம் சுற்றிப் பூந்தமல்லிக்கு வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே போவோம்.

முதலில் கஞ்சித்தொட்டி. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவங்க இன்னைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றியதால் வந்த பெயர் இல்லை இது. கஞ்சிதான் முதலில் வந்தது, ஆஸ்பத்திரி பிறகு. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, பயிர் போனது, பிழைக்க வழியில்லாத ஜனங்கள் மெட்ராஸ் கோட்டையை நோக்கி வந்து சேர்ந்தார்கள். 1782இல் கறுப்பர் பட்டணத்து வடக்கு மதிலுக்கு வெளியே அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் உண்டானது. ஊர் மணியக்காரர் பெயரில் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் 'மணியக்காரர்' தேய்ந்து 'மொனேகர்' ஆகி, ஆவணங்களில் இன்று வரை மொனேகர் சௌல்ட்ரி என்றே இருக்கிறது. சத்திரத்தில் வந்து விழுந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள் என்பதால் 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற அறுவை மருத்துவர் அங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அந்த வேர்தான் வளர்ந்து, 1938இல் ஆளுநர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரி ஆனது. சத்திரமும் சாகவில்லை. ஆதரவில்லாத முதியவர்களுக்கான இல்லமாக இன்னும் நடக்கிறது.

ஒரு சின்ன கிளைக்கதை. 'சௌல்ட்ரி' என்ற இங்கிலீஷ் சொல்லே நம்ம 'சாவடி'யிலிருந்து போனதுதான். மேற்குப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சாவடி புதிசு இல்லை. பூந்தமல்லி ஹைரோட்டில் வேலப்பன்சாவடி, அதைத் தாண்டினால் குமணன்சாவடி. தினமும் அந்த ஸ்டாப்பில் பஸ் மாறுகிறோம். வழிப்போக்கர் தங்கவும் பசித்தவர் இளைப்பாறவும் யாரோ கட்டிவைத்த இடங்களின் பெயர்கள். கட்டினவர் பெயர் ஸ்டாப்பின் பெயராக நின்றுவிட்டது. தங்கினவர் பெயர்? இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்.

இப்போ சென்சஸுக்கு வருவோம். மெட்ராஸ் மாகாணம் முழுவதற்கும் முறையான மக்கள்தொகைக் கணக்கு 1871இல் எடுத்தார்கள். கிராமங்களில் எண்ணும் வேலையில் கர்ணங்கள் இறங்கினார்கள். அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையர். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைச்சுக்கோங்க, மறுபடி வருவார். அப்போது மெட்ராஸ் நகரத்தின் மொத்த மக்கள்தொகை 3,97,552. ஒப்பிடணும்னா, 2011 சென்சஸில் அம்பத்தூர் நகராட்சி மட்டுமே 4 லட்சத்து 66 ஆயிரம். 1871இன் முழு மெட்ராஸும் நம்ம அம்பத்தூருக்குள் அடங்கி, இடம் மிச்சம் இருந்திருக்கும்.

அதன் பிறகு 1881இல் தொடங்கி பத்து வருஷத்துக்கு ஒரு முறை. அறிக்கைகள் எல்லாம் ஸ்கேன் ஆகி இணையத்தில் கிடைக்கின்றன. நான் ஒரு வாரம் ஆபீஸ் முடிந்து வந்து அதில்தான் உட்கார்ந்திருந்தேன். சாதி வாரியாக, வயது வாரியாக, மதம், தாய்மொழி, பிறந்த மாவட்டம், எழுத்தறிவு, தொழில் என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். கண் தெரியாதவர் எத்தனை, காது கேளாமல் பேச முடியாமல் பிறந்தவர் எத்தனை, தொழுநோயாளிகள் எத்தனை என்று கூடத் தனி அட்டவணை. டேட்டா ஆசாமிகளுக்கு விருந்து. ஆனால் ஒரு பெயர் கிடையாது. சென்சஸ் அதிகாரியின் பெயரும் அவருக்கு உதவிய கலெக்டர்களின் பெயரும் தவிர, அந்தக் கோடிக்கணக்கான மனிதர்களில் ஒருவர் பெயர் கூட இல்லை.

சத்திரத்தில் இருந்தவர்கள் அட்டவணையில் எங்கே வருகிறார்கள் தெரியுமா? தொழில் அட்டவணையில். 1911 சென்சஸின் தொழில் பட்டியலில் கடைசிப் பகுதிக்குத் தலைப்பு, 'உற்பத்தி செய்யாதோர்'. அதில் ஒரு வரி: சிறைகள், மனநோய் விடுதிகள், மருத்துவமனைகளில் இருப்போர். அடுத்த வரி இன்னும் விசேஷம். பிச்சைக்காரர், நாடோடிகள், பாலியல் தொழில் செய்வோர், அதற்குத் தரகு பார்ப்போர், திருட்டுப் பொருள் வாங்குவோர், மாட்டுக்கு விஷம் வைப்போர். எல்லாம் ஒரே வரி, ஒரே கூட்டுத்தொகை. 1931க்கு வரும்போது முதல் வரியில் தரும விடுதிகளும் சேர்ந்துவிடுகின்றன. சிறை, மனநோய் விடுதி, தரும விடுதி மூன்றுக்கும் ஒரே எண். அதாவது நம்ம நேயரின் எள்ளுப்பாட்டி வயசாகியும் சத்திரத்திலேயே இருந்திருந்தால், 1931இல் ஒரு ஆயுள் கைதியும் அவரும் ஒரே கட்டத்தில் கூட்டப்பட்டிருப்பார்கள். இந்தப் பட்டியலை வடிவமைத்தவர் மீது எனக்குக் கோபம் வருது. ஆனா 'மற்றவை' என்று ஒரு கேட்டகிரி வைத்து, எங்கே போடுவதென்று தெரியாத எல்லாவற்றையும் அதில் தள்ளாத சாஃப்ட்வேர்காரர் யார், சொல்லுங்க?

அப்போ பெயர் கேட்கவே இல்லையா? கேட்டார்கள். வீட்டு வாசலில் எழுதிய படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஆனால் பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று 1881 கணக்காளர்களுக்கு அறிவுரை இருந்தது. பெயர் சொன்னவர்களின் பெயர்களும் தங்கவில்லை. 1901இல் ஒரு புது முறை வந்தது. ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டின் நிறம் மதத்தைச் சொல்லும். படிவத்திலிருந்து சீட்டுக்கு விவரங்களைப் பெயர்த்து எழுதி, அவற்றைப் புறாக்கூண்டு மாதிரி அறைகள் உள்ள பெட்டிகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் எத்தனை சீட்டு என்று எண்ணுவார்கள். வயசுக்கு ஒரு சுற்று, சாதிக்கு ஒரு சுற்று, தொழிலுக்கு ஒரு சுற்று. கம்ப்யூட்டருக்கு முன்னால் நடந்த 'குரூப் பை' இதுதான், அற்புதமான வேலை. எண்ணிக்கைக்குப் பெயர் எதற்கும் உதவாது. கூட்டி முடித்ததும் சீட்டும் போனது, படிவமும் போனது. எங்க பாஷையில் சொன்னா, ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மூல டேபிளை டிராப் பண்ணிட்டாங்க. பேக்கப் கிடையாது. இந்திய சென்சஸில் முன்னோர்களைத் தேட முடியாததற்குக் காரணம் இதுதான். ஸ்டோரேஜ் செலவு, இட நெருக்கடி என்று அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். அத்தனை கோடி மனிதர்களின் காகிதத்தை எங்கே அடுக்குவது?

ஆனால் அதே ஆட்சிதான் தன் சொந்த ஊரில் காகிதத்தை அடுக்கி வைத்தது. இங்கிலாந்தில் 1841இலிருந்து வீட்டு வாரியாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஒர்க்ஹவுஸ், சிறை, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நிர்வாகியே பட்டியலை நிரப்புவார். பெயர், வயசு, முன்பு செய்த தொழில், பிறந்த ஊர். சில மனநோய் விடுதிகளில் மட்டும் மரியாதைக்காகவோ வெட்கத்துக்காகவோ முதலெழுத்துகளை மட்டும் எழுதியிருப்பார்கள். நூறு வருஷம் பூட்டி வைத்து, பிறகு திறக்கிறார்கள். 1921இன் பட்டியல் 2022 ஜனவரியில் திறந்தது. 1931 பட்டியல் 1942இல் ஒரு தீ விபத்தில் எரிந்துபோனது, 1941இல் போர் நடந்ததால் சென்சஸே இல்லை. ஆக லண்டன் நண்பர் அடுத்த பட்டியலுக்கு 2052 வரை காத்திருக்கணும். அவங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்குன்னு தெரிஞ்சா நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இங்கிலாந்தில் ஏழைகளின் பெயரை இவ்வளவு அக்கறையாக ஏன் எழுதினார்கள்? பாசத்தால் இல்லை. அங்கே ஏழையைப் பராமரிக்கும் செலவு உள்ளூர் வரியிலிருந்து போனது. இந்தக் கிழவர் எந்த ஊர்க்காரர், எங்கள் வரிப்பணத்தில் இவருக்கு ஏன் சோறு, பிறந்த ஊருக்கு அனுப்ப முடியாதா என்று ஊருக்கு ஊர் வழக்கு நடந்தது. அந்தச் சண்டைக்குப் பெயர் தேவை, பிறந்த இடம் தேவை. 1861இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு பட்டியல் அச்சிட்டது. ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து ஒர்க்ஹவுஸில் இருக்கும் பெரியவர்கள் 14,000க்கும் மேற்பட்டோரின் பெயர், எத்தனை வருஷம், என்ன காரணம். முதுமை, ஊனம், மனநிலை சரியில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல். இன்று வம்சாவளி தேடுபவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். அன்று அது ஊர் நடுவே கடன்காரர் பட்டியல் ஒட்டின மாதிரி.

இதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோணுது. யாரிடமாவது கணக்குக் கேட்கவேண்டிய இடத்தில்தான் பெயர் எழுதப்படுகிறது, பாதுகாக்கவும் படுகிறது. கஞ்சித் தொட்டியில் கணக்கு கரண்டிக்குத்தான். இன்று எத்தனை பேர், எத்தனை படி அரிசி. அது தெரிந்தால் நாளைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று தெரிந்துவிடும். பழைய தரும நிறுவனங்களின் ஆண்டறிக்கை எதையாவது புரட்டிப் பாருங்க. நன்கொடை கொடுத்தவர் பெயர், அவர் கொடுத்த ரூபாய், அணா, பைசா வரைக்கும் இருக்கும். வாங்கினவர்கள் ஒரு எண்.

சரி, நம்மூர் ஏழைகள் யாராவது அந்த இங்கிலாந்துப் பட்டியலில் சிக்கியிருப்பார்களா? சிக்கியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிப்போவார்கள். மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய், கொழும்பு என்று எல்லாத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். லண்டனில் இறங்கியதும் சில குடும்பங்கள், 'வேலை முடிஞ்சுது' என்று ஆயாவை அப்படியே விட்டுவிடும். திரும்பி வர டிக்கெட் இல்லை, மொழி இல்லை. இவர்களுக்காக லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு விடுதி இருந்தது. 1900இல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26ஆம் எண் வீட்டுக்கு மாறியது. லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தியது. ஏறக்குறைய 30 அறைகள், வருஷத்துக்கு 100 பெண்கள் போல வந்து போனார்கள். ஊர் திரும்பும் வேறொரு குடும்பம் கிடைக்கும்வரை காத்திருப்பார்கள்.

சென்சஸ் இரவில் அந்த வீட்டில் தூங்கியவர்கள் சட்டப்படி பட்டியலில் வந்தாக வேண்டும். 1901, 1911, 1921 தாள்களில் வருகிறார்கள். ரோசினா விஸ்ராம் என்ற வரலாற்றாசிரியர் 1986லேயே ஆயாக்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஃபர்ஹானா மமூஜி என்ற லண்டன் பெண்மணி தொடர்ந்து குரல் கொடுத்து, 2022 ஜூனில் அந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள். ஆயாக்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் பயணிகள் பட்டியலையும் சென்சஸ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடுகிறார்கள். தேடும்போது சிக்கல் எங்கே தெரியுமா? கப்பல் பட்டியலில் பல பெண்களுக்குப் பெயர் இல்லை. இன்ன துரைசானியின் ஆயா, அவ்வளவுதான். சென்சஸ் தாளில் பெயர் இருந்தாலும் அது பெரும்பாலும் முதலாளி வீட்டில் கூப்பிட வைத்த பெயர், அல்லது ஞானஸ்நானப் பெயர். மேரி என்று ஒரு வரி, பிறந்த இடம் மெட்ராஸ். அந்த மேரி பூந்தமல்லியில் பிறந்தவரா, புரசைவாக்கத்தில் பிறந்தவரா, அம்மா கூப்பிட்ட பெயர் என்ன, எதுவும் அந்த வரியில் இல்லை. 1921 படிவத்தில் முதலாளி யார் என்ற கேள்வி புதிதாகச் சேர்ந்தது. அதனால் சில சமயம் ஆயாவை விட அவர் முதலாளியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

எண்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இப்போ கார்னிஷ் மறுபடி வருகிறார்.

1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பெரும் பஞ்சம், நம்மூரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மாகாணம் எங்கும் நிவாரண முகாம்கள், கஞ்சித் தொட்டிகள். செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் மேல்செலவுக்குக் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்கணும். இது பட்டினி போடுவதற்குச் சமம் என்று வெளிப்படையாக எதிர்த்தவர் சுகாதார ஆணையர் கார்னிஷ். சில மாசச் சண்டைக்குப் பிறகு 1877இல் அளவைக் கூட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் போனார்களோ.

எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்விக்குத்தான் எண் தேவைப்பட்டது. முகாமுக்கு வராமல் வழியிலேயே விழுந்தவர்களை யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் 1871இல் கார்னிஷ் அறிக்கையில் மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து வருஷம் கழித்துக் கூடியிருக்க வேண்டியது, 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்து நின்றது. அந்தப் பள்ளத்தை எந்த அதிகாரியாலும் மறைக்க முடியவில்லை. பெயரே இல்லாத அந்த அட்டவணைதான் பஞ்சத்துக்குச் சாட்சி சொன்னது.

அதே பஞ்சத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற மெட்ராஸ் ராணுவ அதிகாரி, முகாம்களில் இருந்தவர்களைப் போட்டோ எடுத்தார். நெட்டில் நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. எலும்புக் கூடுகளாக வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், மடியில் குழந்தை. 'மெட்ராஸ் நிவாரண முகாமில் இருப்போர்' என்பதுபோல ஒரு தலைப்பு. முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது, விலா எலும்பை எண்ணலாம். எடுத்தவர் பெயர், பதவி எல்லாம் தெரியும். படத்தில் இருக்கும் ஒருவர் பெயர் கூட அதில் இல்லை.

இப்போ எனக்கே கொஞ்சம் கசக்கிற ஒரு விஷயம். அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா ஏழை ஒருவரைப் பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் இன்று தேடிக் கண்டுபிடிக்க முடியும். ஒரே நிபந்தனை, அவர் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறியிருக்க வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1,52,184 பேர் போனார்கள், பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு வரி. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததா என்று பார்க்க வேண்டும், அதற்காக எழுதியது. டர்பனில் க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆவண மையம் அந்தக் கப்பல் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அதில் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்து, கிராமத்தைத் தேடிக்கொண்டு இங்கே வருகிறார்கள். ஒரே ஊரில் ஒரே பஞ்சத்தில் அண்ணன் கப்பல் ஏறி, தங்கை கஞ்சித்தொட்டிக்கு வந்திருந்தால், அண்ணனின் தோள் தழும்பு கூட இன்று தெரியும். தங்கை இருந்தாள் என்பதே தெரியாது.

உள்ளூரிலும் இதே கதைதான். பூந்தமல்லியில் பிரிட்டிஷ் படைக்கு ஒரு டிப்போ இருந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த சிப்பாய்களும், உடம்பு முடியாதவர்களும் அங்கே தங்கினார்கள். அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எது நடந்தாலும் பாதிரியார் பதிவேட்டில் எழுதி, அதன் நகல் லண்டனுக்குப் போகும். மெட்ராஸ் பதிவேடுகளுக்கென்றே பிரிட்டிஷ் லைப்ரரியில் தனி வரிசை இருக்கிறது. பூந்தமல்லியில் செத்துப்போன இருபது வயசு சிப்பாயைத் தேடும் அவன் ஊர் சொந்தக்காரர் லேப்டாப்பைத் திறந்தால் போதும். அவனுக்குச் சமைத்த, துணி துவைத்த, பங்கா இழுத்த நம்மூர்க்காரர்களைத் தேட அந்த வரிசையில் இடம் இல்லை.

அப்போ நம்ம நேயர் எங்கே தேடலாம்? சென்சஸை விட்டுவிட்டு, யாராவது கணக்குக் கேட்டிருக்கக்கூடிய இடங்களைப் பார்க்கச் சொன்னேன். குடும்பம் எந்தக் காலத்திலாவது சர்ச் பக்கம் போயிருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு. மகனோ பேரனோ பள்ளிக்கூடம் போயிருந்தால் சேர்க்கைப் பதிவேடு. ரயில்வே, துறைமுகம், மில், கார்ப்பரேஷன் என்று எங்காவது வேலை பார்த்திருந்தால் சர்வீஸ் ரெக்கார்டு. சொத்து ஏதாவது கைமாறியிருந்தால் பத்திரம், அதில் 'இன்னாரின் மகள்' என்று கட்டாயம் எழுதியிருக்கும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சத்திரங்கள் தொடர்பான அரசாணைகளைத் தேடலாம், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் நிர்வாகச் சண்டைகளும் பட்ஜெட்டும்தான் என்ற எதிர்பார்ப்போடு போகணும். அதை எல்லாம் செய்வதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பெரிய மனுஷியை உட்காரவைத்து, போனில் ரெக்கார்டர் ஆன் பண்ணிட்டு, 'உங்க பாட்டி பேர் என்ன, உங்க பாட்டிய அக்கம்பக்கத்துல எப்படிக் கூப்பிடுவாங்க' என்று கேளுங்க. இரண்டும் வேற வேற பெயராக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

கடைசியாக ஒரு விஷயம். இவ்வளவு நேரம், 'பெயரை ஏன் வைத்துக்கொள்ளவில்லை' என்று கேட்டேன். எதிர்க்கேள்வியும் நியாயமானதுதான். 1942இல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தது 1940 சென்சஸ் தரவு. நாஜிகள் பிடித்து வைத்திருந்த ஆம்ஸ்டர்டாமில், ஊரின் மக்கள் பதிவேடு யூதர்களைத் தேடிப் பிடிக்கப் பயன்படுகிறது என்பதற்காகவே 1943 மார்ச்சில் எதிர்ப்புக் குழுவினர் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். பட்டியலை எரித்தவர்கள் அங்கே ஹீரோக்கள். நம்ம 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிமனிதர் பற்றிய சென்சஸ் பதிவை யாரும் பார்க்கக் கேட்க முடியாது, சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்கிறது. சாதியும் மதமும் எழுதப்படும் ஒரு நாட்டில் அந்தப் பூட்டு அவசியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பிரிட்டனில் பூட்டுக்கு 100 வருஷம், அமெரிக்காவில் 72 வருஷம் என்று திறக்கும் தேதி இருக்கிறது. நம்ம சட்டத்தில் அப்படி ஒரு தேதி இல்லை. உயிரோடு இருப்பவரைப் பாதுகாக்கும் பூட்டு, செத்து நூறு வருஷம் ஆனவருக்கும் எதற்கு?

2027 சென்சஸில் மொபைல் ஆப் வழியாகத்தான் பதிவு என்று அறிவித்திருக்கிறார்கள், சாதிக் கணக்கும் உண்டு. தூக்கிப் போட இந்த முறை காகிதமே இல்லை. மூல டேபிளை எத்தனை வருஷம் வைப்பது, எப்போது அழிப்பது, யாருக்குத் திறப்பது என்பதெல்லாம் இனிமேல் ஒரு ரிடென்ஷன் பாலிசி ஆவணத்தில் யாரோ ஒருவர் நிரப்பும் ஒரு வரி. என்னை மாதிரி ஒரு எஞ்சினியர் அதை டீஃபால்ட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும் வாய்ப்பிருக்கு.

போன தடவை, 2011இல், வீடில்லாதவர்களை எண்ண ஒரு தனி இரவு ஒதுக்கினார்கள், பிப்ரவரி 28. நடைபாதை, ரயில்வே பிளாட்பாரம், மேம்பாலத்துக்கு அடியில், கோயில் வாசல் என்று எங்கெல்லாம் ஆள் படுத்திருப்பாரோ அங்கெல்லாம் கணக்காளர்கள் போனார்கள். நாடு முழுக்க 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். ஒரே சமையலறையில் சாப்பிடும் ஆதரவு இல்லங்கள், விடுதிகள், ஜெயில்களுக்கு 'நிறுவனக் குடும்பங்கள்' என்று தனி வகை. அந்தப் படிவத்திலும் முதல் கேள்வி பெயர்தான். அந்த இரவில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் படுத்திருந்த ஒருவரை எழுப்பி யாராவது கேட்டிருந்தால், தூக்கக் கலக்கத்தில் அவரும் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்.